இரண்டாவது ஆமீன்

வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவில் தப்பான பெயர் வந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். கருங்காட்டுக்கோட்டை ஜும்மாப் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை நடுப்பகலில், அதை ஓதுகிற கத்தீபு அபூசாலிஹ் லெப்பை மிம்பர் மேடையின் மேல்படியில் நின்றுகொண்டு, ஆளுகிற சுல்தானுக்காகக் கேட்க வேண்டிய துஆவில் அவன் பெயரை விட்டுவிட்டு, பட்டம் இழந்த சுல்தானான அவன் அண்ணனின் பெயரைச் சொன்னார். கத்தீபு பிடிக்கிற மரவாளை ஊன்றி, கண்ணை மூடி, குரல் நடுங்காமல் சொன்னார். யா அல்லாஹ், எங்கள் சுல்தானாகிய இன்னாருக்கு நீண்ட ஆயுளைக் கொடு, அவருடைய கொடியை உயர்த்து, அவருடைய எதிரிகளை முறித்துப் போடு. பள்ளி முழுக்க ஆமீன் என்றது. முன்வரிசைக்குப் பக்கத்தில், சுல்தான் தொழுவதற்கென்று போட்ட மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த சுல்தான் ஹுசாமுத்தீனும் ஆமீன் என்றான்.

ஆமீன் சொன்ன வாயை என்ன செய்வது. அவன் சொல்லவில்லை, வாய் சொல்லியது. கத்தீபு குரலை ஏற்றி இறக்கினால் அந்த இறக்கத்தில் ஆமீன் தானாக வந்து விழும், கன்று முட்டினால் பால் இறங்குகிற மாதிரி. அப்புறம்தான் காது விழித்தது. அண்ணனுடைய எதிரிகளை முறித்துப் போடச் சொல்லி அண்ணனின் எதிரியே கையேந்தியிருக்கிறான். நல்ல கூத்து. கூட எத்தனை பேர் சொன்னான்கள்? எல்லாரும்தான் சொன்னான்கள். ஆனால் அவனைப் போலப் பழக்கத்தில் சொன்னவன் எவன், தெரிந்து சொன்னவன் எவன்? குதிரைப்படைக்காரர்கள் உட்காரும் வலது பக்கத்திலிருந்து சத்தம் கொஞ்சம் கனமாக வந்ததா? போன வாரமும் இப்படித்தான் இருந்ததா? போன வாரம் கவனித்தவன் எவன். தன் பெயரை ஒருத்தன் வாரா வாரம் சொல்லும்போது அதை யார் காது கொடுத்துக் கேட்கிறான், மூச்சைக் கேட்கிறோமா என்ன. நின்றால்தான் தெரியும். எழுந்து நின்று நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல முடியாது. குத்பா ஓதும்போது பேசினால் பேசியவனின் ஜும்மாத் தொழுகை பாழ். பேசுகிறவனைப் பார்த்துச் சும்மா இரு என்று சொன்னவனுக்கும் அதே கதி. இது எல்லா ஊரிலும் உள்ள சங்கதி. இந்த ஊரில் மட்டும் அதற்குக் கசையடி உண்டு, அதை வைத்தவன் அவன்தான். பட்டத்துக்கு வந்த புதிதில், கூடப்பிறந்தவன் கண்ணைக் குத்தினவன் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நாளில், தீனில், மார்க்கத்தில், பிடிப்புள்ளவன் என்றும் கொஞ்சம் பேசட்டுமே என்று வைத்தான். முதலில் அடி வாங்கினவன் ஒரு குதிரைத் தரகன். அவன் சொன்னது ஓணான் என்ற ஒரு சொல். ஓணான் அவன் தொடையில் ஏறியிருந்தது. அடியை எண்ணிக்கொண்டே அழுதான், ஹுசூர், அதுக்குப் பேர் சொல்லாம எப்படித் தள்றது என்று. ஊர் ஒரு மாசம் சிரித்தது. பிடிப்புள்ளவன் என்று எவனும் பேசவில்லை. இப்போது ஓணான் இவன் தொடையில் ஏறியிருக்கிறது, உட்கார்.

கத்தீபு இன்னும் ஓதிக்கொண்டிருந்தார். தப்பு நடந்ததே அவருக்குத் தெரியவில்லை என்று அவர் முதுகு நிமிர்ந்திருந்ததிலேயே தெரிந்தது. அல்லது தெரிந்துதான் அப்படி நிமிர்ந்திருந்ததா? யாராவது தைரியம் சொல்லி ஏற்றிவிட்டார்களா? கிழவன் கடைசியாக மிம்பரில் ஏறி வருஷம் ஐந்து ஆகிறது. அண்ணன் ஆண்ட காலமெல்லாம் ஓதியவர். ஹுசாமுத்தீன் வந்ததும் முழங்கால் வலி என்று ஒதுங்கிக்கொண்டார், அது முழங்கால் வலிதானா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது ஓதுகிற இளைய கத்தீபுக்குக் காலையிலிருந்து குளிர்காய்ச்சல். மந்திரியான வஸீர் இமாது காலையிலேயே வந்து நின்றார், வீங்கின காலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. "ஹுசூர், அபூசாலிஹ் லெப்பையைக் கூப்பிடலாமா, வேற யாரையாவது பார்க்கலாமா?" சுல்தான் அப்போது எல்லையிலிருந்து வந்த தூதனோடு மாரடித்துக்கொண்டிருந்தான். "எவனாவது ஏறட்டும். ஏறணும், ஓதணும், எறங்கணும். இதுக்கு ஒரு மஷூரா, யோசனை வேறயா?" "இல்ல ஹுசூர், அவர் ரொம்ப நாளாச்சு ஓதி. பழைய ஆள்..." "பழைய ஆள்னா அரபு மறந்து போச்சா?" "அரபு மறக்காது ஹுசூர். அதான் பாக்கறேன்." என்ன சொல்ல வருகிறார் என்று அப்போது கேட்டிருக்கலாம். போய்யா என்று கையை வீசினான். வாழ்க்கை முழுக்க அவன் கை அப்படித்தான் வீசியிருக்கிறது, அவசரத்தில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கிழவருக்கு அந்தத் துஆ அர்த்தமாக மனசில் இல்லை, பாட்டாக இருக்கிறது. ஓர் இடத்துக்கு வந்தால் அடுத்த இடம் தானே வரும். அந்த இடத்தில் அந்தப் பெயர்தான் உட்கார்ந்திருக்கிறது, உரலில் குழி இருக்கிற மாதிரி. அப்படியே இருக்கட்டும். இதை ஊர் நம்புமா? நாக்குப் புரண்டுவிட்டது என்று எந்த ராஜ்யத்தில் நம்பியிருக்கிறான்? வடக்கே எத்தனை பேருக்குக் குத்பாவில்தான் முதலில் பட்டம் போனது. காலையில் சுல்தான், ஜும்மாவில் வேறு பெயர், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் தலை கோட்டை வாசலில். நாணயம் அடிப்பதும் குத்பாவில் பெயர் சொல்வதும், இந்த இரண்டும்தானே ராஜ்யம். மற்றதெல்லாம் சாப்பாட்டுச் செலவு.

கூண்டின் சல்லடைத் துளை வழியாகப் பார்த்தால் நேரே ஒரு பிடரி. முன்வரிசையில், மிம்பருக்கு நேர் கீழே. நரைத்த முடி கத்தரித்திருக்கிறது, தலைப்பாகைக்குக் கீழே ஒரு விரற்கடை வெளுப்பு, நடுவில் ஒரு பள்ளம். அண்ணனின் பிடரி. காக்கா என்றுதான் கூப்பிடுவது. வாப்பா வடக்கிலிருந்து குதிரையில் வந்தவர், உம்மா கடற்கரைக்காரி, அதனால் அண்ணன் காக்காதான். மனசுக்குள் எத்தனையோ தரம் அவன், இவன், குருடன் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அடுத்த நினைப்பிலேயே அவர் என்று திரும்பி வந்துவிடுகிறது. வெள்ளிதோறும் அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று வைத்ததும் இவன்தான். கண் போனவன் ஆள முடியாது என்பது சட்டம். போயிருக்கிறது என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று. தெரியாத ஊர்க்காரன் வந்தால்கூடத் தெரிய வேண்டும். ஆகவே ஒரு வேலைக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வருவார், செருப்பைத் தானே கழற்றுவார், தூணைத் தொட்டுத் தொட்டு முன்வரிசைக்குப் போவார், ஊர் வழிவிடும். அந்த வழிவிடுதல் இருக்கிறதே, அது இவனுக்கு ஈட்டிக்காரர்கள் விலக்கி விட்டும் வராத வழி. ஊர் பார்ப்பது கண்ணை இல்லை, வேறு எதையோ என்று முதல் மாசத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் போட்ட உத்தரவை எடுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். அதனால் வாரா வாரம் இந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு தொழ வேண்டும். அது இப்போது அசைகிறதா? தன் பெயரை ஐந்து வருஷம் கழித்துக் கேட்ட மனுஷன் பிடரி கொஞ்சமாவது அசையாதா? அசையவில்லை. அசையாததுதான் சந்தேகம். ஏற்கெனவே தெரிந்திருந்தால்தானே அசையாமல் இருக்க முடியும்.

அந்தப் பெயரை இந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது. அதுவும் ஓர் உத்தரவு. அந்தப் பெயர் உள்ளவன் எவனும் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். கூலிக்காரன் ஒருத்தன், தறிக்காரன் ஒருத்தன், கடைத்தெரு நாவிதன் ஒருத்தன். நாவிதன் தர்பாருக்கே வந்து நின்றான். "ஹுசூர், மத்தவங்கள விடுங்க. என் பெண்டாட்டி இனி என்னை எப்படிக் கூப்பிடுவா?" வஸீர் சொன்னார், "அவ என்னைக்கி உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா?" நாவிதன் யோசித்து, "அதுஞ்சரிதான்" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். தர்பார் சிரித்தது. சுல்தானும் சிரித்தான். சிரித்தபோது நினைத்தான், நானும் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே, அப்புறம் யாருக்காக இந்தத் தடை. ஐந்து வருஷம் ஊர் வாயில் வராத பெயரை இந்தக் கிழவர் உச்சிப்படியில் நின்று வெயிலில் காயப்போட்டுவிட்டார். சொல்லாமல் வைத்ததால்தான் அது கெடாமல் இருந்தது போலிருக்கிறது, உப்புப் போட்டு மூடி வைத்த மாதிரி. நான் என் பெயரையும் தடை செய்திருக்க வேண்டும்.

தலை அரித்தது. தலைப்பாகைக்குள் வியர்வை ஓடி, இடது காதுக்கு மேலே ஓர் இடத்தில் நின்று, அங்கே ஒரு முள் முளைத்தது. சொறிய முடியாது. இடது கையால் தலைப்பாகையைத் தொட்டால் வெட்டு என்று அடையாளம். கூண்டு வாசலில் முழங்காலிட்டிருக்கிற மெய்க்காவல் தளபதி துக்ரில் அந்த ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். தொட்ட நிமிஷத்தில் எழுந்துவிடுவான், யார் என்று கண்ணால் காட்ட வேண்டியதுதான் பாக்கி. வாப்பா காலத்து ஏற்பாடு அது. வாப்பாவிடமிருந்து காக்காவுக்கு, காக்காவிடமிருந்து இவனுக்கு. துக்ரிலும் அப்படித்தான், கோட்டையோடு சேர்ந்து வந்தவன், நாற்பது சொல்லுக்கு மேல் தமிழ் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான். ஆக, சொறிந்தால் கத்தீபு போவார். ஒரு சொறியில் தீர்ந்துவிடும். தீருமா? மிம்பரில் ரத்தம் விழுந்தால் வலது பக்கத்துக் குதிரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா, இருக்க மாட்டார்களா, அதுதான் கேள்வி. சும்மா இருந்தால், பெயரைச் சொன்னதற்காகக் கிழவனை வெட்டினான் என்று ஆகும். வெட்டாவிட்டால், அடுத்த வெள்ளி இன்னொருத்தன் வேண்டுமென்றே சொல்லிப் பார்ப்பான். இந்தப் பக்கமும் குழி, அந்தப் பக்கமும் குழி, நடுவில் தலை அரிக்கிறது. பல்லைக் கடித்தான். சின்ன வயசிலும் இப்படித்தான், புதுத் தலைப்பாகை கட்டினால் அரிக்கும், வாப்பா முன்னால் சொறியக் கூடாது, பல்லைக் கடிப்பான். அந்தச் சத்தம் அடுத்து நிற்கிற காக்காவுக்குக் கேட்கும். கேட்டால் அவர் தன் தலையைச் சொறிந்து வாப்பாவிடம் திட்டு வாங்குவார், வாப்பா அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் இவன் சொறிந்துகொள்வான். சே, இதெல்லாம் இப்போது எதற்கு. ஆள் கெட்டிக்காரர், அவ்வளவுதான். சின்னதிலேயே எல்லாரையும் கடன்காரனாக்கத் தெரிந்தவர்.

நான் ஒன்றும் சும்மா குத்தவில்லை. கிழக்கெல்லைக் கோட்டையை எடுக்க ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் கிடந்தேன். கூட வந்தவர்களில் பாதிப்பேரை அந்தச் சேற்றிலேயே புதைத்தேன். தோளில் அம்பு முனையோடு திரும்பி வந்தால் இவர் சமாதானம் பேசிக் கோட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், பூசணிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. "தம்பி, அங்கே ஆறுமாசத்துக்குத் தண்ணி இல்லடா. வச்சு என்ன பண்ணப் போற?" என்றார். தண்ணி இல்லை. செத்தவனுக்கு எதற்குத் தண்ணி? பட்டத்துக்கு வந்து அந்தக் கோட்டையைத் திரும்பப் பிடித்தேன். தண்ணி இல்லை. விட்டுவிட்டு வந்தேன். இதை எவனும் பேசுவதில்லை, என் முன்னால். ஆனால் நண்பகலில், ஆயுதக் கிடங்கில், கரிச்சட்டி பக்கத்தில் காக்காவை உட்கார வைத்ததை மட்டும் எல்லாரும் அங்கே நின்று பார்த்த மாதிரிப் பேசுகிறான்கள். அங்கே நின்றது நாலு பேர். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், தப்புத் தப்பென்று. வைத்தியன் பிஸ்மி சொன்னான், திரும்பச் சொன்னான், நேரம் ஓடியது. அப்போது காக்கா பேசினார். கத்துவார் என்று நினைத்திருந்தேன், சபிப்பார், உம்மா பேரைச் சொல்லி அழுவார். எல்லாவற்றுக்கும் மனசைக் கட்டி வைத்திருந்தேன். "தம்பி, ஊசி ஆறிப்போச்சு. திரும்பக் காய்ச்சச் சொல்லு. அரைகுறையா விட்டா உனக்குத்தான் தொல்லை." அவ்வளவுதான் சொன்னார், சோறு ஆறிவிட்டது என்கிற மாதிரி. காய்ச்சு என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த ஒரு சொல்தான் நான் நானாகச் சொன்னது. மற்றதெல்லாம் ராஜ்ய காரியம். கொல்லவில்லையே. வேறு எவனாவது இருந்தால் கொன்றிருப்பான். கொன்றிருந்தால் இன்றைக்கு இந்தப் பெயர் ஒரு செத்தவன் பெயர், ரஹ்மத்துல்லாஹி அலைஹி என்று சேர்த்துக்கொண்டு போயிருக்கலாம். அரைகுறையாக விட்டது கண்ணை இல்லை.

கத்தீபு இறங்கினார். தொழுகைக்கு எழுப்புகிற இகாமத்தைச் சொன்னார்கள். எல்லாரும் எழுந்தார்கள், துணி உரசுகிற அந்தப் பெரிய சத்தம், அதற்கடியில் வேறு ஏதாவது இரும்புச் சத்தம் உண்டா என்று காதைத் தீட்டினான். உண்டு என்று தோன்றியது, இல்லை என்று தோன்றியது. அல்லாஹு அக்பர். கை கட்டினான். கட்டினால் நல்லது, இடது கை வலது கைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். கத்தீபு ஓதுகிற அத்தியாயம் எது? தெரிந்த அத்தியாயம்தான், ஆனால் எங்கே ஆரம்பித்தது என்று பிடிபடவில்லை. துக்ரில் யாருடைய ஆள்? இவனுக்கு முன்னால் காக்காவுக்கு முழங்காலிட்டவன். ஒரு நாள் காலையில் ஒருவரை விட்டு இன்னொருவருக்கு மாறினவன் இன்னொரு நாள் மத்தியானம் திரும்ப மாட்டானா? இந்தக் கூண்டுக்குள் சுல்தானைத் தவிர வாளோடு இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். குனிந்தான், நிமிர்ந்தான். சஜ்தா. நெற்றி பாயைத் தொட்டதும் பிடரி திறந்துகொண்டது. இத்தனை நேரம் காக்காவின் பிடரியைப் பார்த்தாயிற்று, இப்போது யார் என் பிடரியைப் பார்க்கிறார்கள்? வாப்பா இந்தக் கோட்டையை எடுத்தது இப்படித்தான். தன் எஜமானனை சஜ்தாவில் வைத்து முடித்தார், எழுந்திருக்கும்போது சுல்தான். அப்புறம் முதல் வேலையாகத் தனக்கு இந்தக் கூண்டைப் போட்டுக்கொண்டார். பாயில் யாரோ வைத்த பழைய அத்தர் வாசனை, அதற்கடியில் தூசு. சுப்ஹான ரப்பியல் அஃலா. எவ்வளவு நேரம் ஆகிறது, கத்தீபு எழவில்லையா, எழக்கூடாது என்று ஏற்பாடா. பின்னால் ஒரு மூச்சு. துக்ரிலின் மூச்சா, தன் மூச்சா? வெட்டு விழுந்தால் முதலில் குளிருமா, சுடுமா? காக்காவைக் கேட்க வேண்டும், சுட்டதா என்று. ஐந்து வருஷத்தில் அதைக் கேட்கவில்லை. அல்லாஹு அக்பர். எழுந்தான். தலை இருந்தது. அரிப்பும் இருந்தது. இது முதல் ரகஅத்தா, இரண்டாவது சுற்றா? எல்லாரும் செய்கிறதைச் செய்தான். வலது தோளுக்கு ஸலாம், இடது தோளுக்கு ஸலாம், இடது பக்கத்தில் துக்ரிலின் கண், இவன் கையைப் பார்த்தபடியே.

தொழுகை முடிந்தால் எழுந்து போகிறவன் போவான், தஸ்பீஹ் மணி உருட்டுகிறவன் உருட்டுவான், செருப்புச் சண்டை தொடங்கும். இன்றைக்கு எவனும் அசையவில்லை. பேசலாம் இப்போது. பேசவும் இல்லை. கத்தீபு கூடியிருந்த ஜமாஅத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தாடியைத் தடவினார். முன்வரிசை முகங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, ஏதோ புகைகிறது எங்கே என்று தெரியாதவர் மாதிரி. "என்ன? ஏன் இப்படிப் பாக்கறீங்க?" பின்வரிசை வரை எட்டிப் பார்த்தார். "ஓதுனதுல எதும் விட்டுட்டேனா?" எவன் சொல்வான். இன்னார் பெயரைச் சொன்னீர் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். முன்வரிசைப் பருத்தி வியாபாரி ஒருத்தர் வாயைத் திறந்தார், கூண்டைப் பார்த்தார், கொட்டாவி விட்ட மாதிரி மூடிக்கொண்டார். கிழவர் முகம் மெல்ல வெளுத்தது. உள்ளுக்குள் திரும்ப ஓதிப் பார்க்கிறார் என்று உதடு காட்டியது. அந்த இடம் வரைக்கும் வந்தது, நின்றது. மரவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது எதற்கு ஆகும், பாவம். சுல்தானின் இடது கை தொடையைவிட்டு எழும்பியது. எழுப்பினானா, எழும்பியதா, ஆமீன் மாதிரிதான். அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"ஆமா லெப்பை. விட்டுட்டீங்க. சுல்தானை விட்டுட்டீங்க." காக்காவின் குரல். ஐந்து வருஷமாகப் பள்ளியில் ஆமீனைத் தவிர வேறு ஒன்றும் சொல்லாத குரல், கனம் குறையவில்லை. "இந்தக் கண்ணில்லாதவனுக்குத் துஆக் கேட்டீங்க. ஊரும் ஆமீன் சொல்லிச்சு. சந்தோஷம். எனக்குக் கேக்க வேற யார் இருக்கா? ஆயுசு வேணும்தான், கால்வலிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்." பின்வரிசையில் எவனோ ஒருத்தன் களுக்கென்றான், பயத்தில். "ஆனா சுல்தான் பாக்கி. அதை இப்பக் கேட்டுருவோம். கூண்டு எந்தப் பக்கம்?" யாரும் கை நீட்டவில்லை. அவரே வந்தார். மரச்சட்டத்தில் விரல் பட்டது, துளைத் துளையாகத் தடவிக்கொண்டே வந்தார், வாசல் வந்தது, துக்ரில் எழுந்து நின்றான். "துக்ரில்தானே? இன்னும் அதே எண்ணெய்தான் பூசுறியா? தள்ளு." துக்ரில் சுல்தானைப் பார்த்தான். கையைப் பார்த்தான். சுல்தான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்யவில்லை. துக்ரில் தள்ளி நின்றான். கருங்காட்டுக்கோட்டை அந்த நிமிஷத்தில் வாசலில் கிடந்தது, எவன் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். காக்கா ஒரு வார்த்தை சொன்னால் வலது பக்கத்துக் குதிரைக்காரர்கள் எழுவார்கள், இது இப்போது உறுதியாகத் தெரிந்தது, கண் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, சட்டமாவது மண்ணாவது. "தம்பி, கையைக் கொடு." வலது கையைக் கொடுத்தான். "ரெண்டையும் கொடு." இடது கை தலைப்பாகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தரத்தில் தடவி அதைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் கை எங்கே இருக்கும், எதற்காக அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் கையும் ஒரு காலத்தில் அதே இடத்துக்குப் போன கைதானே.

இரண்டு கையையும் தன் கையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். பிள்ளைக்குத் துஆக் கேட்கச் சொல்லிக் கொடுக்கும்போது கையைப் பிடித்துத் தூக்குவார்களே, அப்படி. சுல்தானின் கை தூக்கின இடத்தில் நின்றது. யா அல்லாஹ், எங்கள் சுல்தான் ஹுசாமுத்தீனுக்கு நீண்ட ஆயுளைக் கொடு. அவருடைய கொடியை உயர்த்து. அவருடைய எதிரிகளை, என்று ஆரம்பித்தவர் கொஞ்சம் நிறுத்தினார். அவருடைய எதிரிகளுக்கு நல்ல புத்தி கொடு. பள்ளி ஆமீன் என்றது. முதல் ஆமீனைவிடப் பெரிதா, சின்னதா? அளந்து பார்த்தான், அந்த நேரத்திலும். பெரிதுதான். ஆனால் அது யாருக்குச் சொன்னது, கேட்கப்பட்டவனுக்கா, கேட்டவருக்கா? இருட்டான அந்த இரண்டு குழிகளும் அவன் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், ஆமீன் சத்தத்துக்கு அடியில் அவர் குனிந்து காதோரம் சொன்னார்: "தலை அரிக்குதாடா? பல்லைக் கடிக்கிறது முன்வரிசை வரைக்கும் கேட்டுச்சு. பொறு, முடிஞ்சிரும்." கேட்டிருக்கலாம் அப்போது. சுட்டதா காக்கா என்று. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று. இவர் கொடுத்தார், நான் வாங்கினேன். திரும்பவும். எடுத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அதுவும் இவர் கொடுத்ததுதானோ. பூசணிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. கையை விட்டார். கத்தீபு பக்கம் திரும்பி, "லெப்பை, எழுந்து வாங்க. எனக்கு வழி தெரியாது, உங்களுக்கு முழங்கால் வராது. ரெண்டு பேருமா சேர்ந்து ஒரே ஆளா வீடு போவோம்" என்றார். கிழவர் அழுதுகொண்டே எழுந்தார். ஊர் வழிவிட்டது.

முற்றத்துப் படியில் வஸீர் இமாது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வீங்கின காலோடு உள்ளே நெருக்கியடித்து உட்கார முடியாது என்று முற்றத்திலேயே தொழுகிறவர். சுல்தானைக் கண்டதும் எழ முயன்றார். "ஹுசூர், உள்ள ஏதோ ஆச்சுன்னு சொல்றாங்க. என்னன்னு கேட்டா எவனும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். இங்க சத்தந்தான் வந்துச்சு, வார்த்தை எதுவும் புரியல, ஆமீன் மட்டுந்தான் புரிஞ்சுது. ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டாவது துஆக் கேட்டது லெப்பை குரல் மாதிரி இல்லையே?" வெயில் முகத்தில் அறைந்தது. சுல்தான் இடது கையைத் தூக்கித் தலைப்பாகைக்குள் விரலை விட்டு, காதுக்கு மேலே, ஆசை தீரச் சொறிந்தான். பின்னால் வாள் உருவுகிற சத்தம். "உள்ளே போடுடா, அரிக்குது" என்றான் துக்ரிலைப் பார்த்து. வாள் உறைக்குள் போனது. வஸீர் முகம் வெளுத்து, திரும்ப ஒரு தரம் கேட்டார், மெதுவாக. "ரெண்டாவது துஆக் கேட்டது யாரு ஹுசூர்?" அண்ணன் என்று சொல்லலாம். குருடன் என்று சொல்லலாம், அரண்மனையில் அப்படித்தான் பேச்சு. செருப்பைத் தேடுகிற சாக்கில் ஊர் பாதி அங்கேயே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தது. கடைத்தெரு நாவிதனும் நின்றான். சுல்தான் பல்லைக் கடித்தான், விட்டான். பிறந்ததிலிருந்து ஒரு தரமும் வாயால் சொல்லாத பெயர். கசந்துகொண்டுதான் வந்தது.

"சிராஜுத்தீன்."